பால் எந்தப் பக்கம் போகிறது? விவசாயக் கூட்டுறவில் திருப்தியும் பிடிப்பும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அக்கா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டே அவருடன் போனில் பேசுவது என் வழக்கம். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அவர் சொசைட்டிக்கு, அதாவது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பால் ஊற்றிவிட்டு வந்து காப்பி குடிக்கும் நேரம் அது. ஒரு நாள் சும்மா கேட்டேன்.

“சொசைட்டி எப்படிக்கா ஓடுது?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி. குறை ஒண்ணும் இல்ல. காலப் பால் அங்க ஊத்துறேன். சாயங்காலப் பால் தனியார் வண்டிக்கு.”

“குறை இல்லைன்னா ஏன் வண்டிக்கு?”

“லிட்டருக்கு ரெண்டு ரூபா கூடத் தர்றாங்கல்ல.”

அதே தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். சொசைட்டியைத் திட்டாமல் அவருக்கு விடியாது. பாலின் தரம் காட்டும் டிகிரியைக் குறைத்துப் போடுகிறார்கள், பட்டுவாடா இழுக்கிறது, தீவனம் சரியில்லை என்று நீளும் பட்டியல். ஆனால் இருபது வருடத்தில் அவர் வீட்டுப் பால் ஒரு வேளைகூட வெளியே போனதில்லை.

திருப்தியாக இருப்பவர் பாதிப் பாலை வெளியே ஊற்றுகிறார். திருப்தியே இல்லாதவர் முழுப் பாலையும் உள்ளே ஊற்றுகிறார். இதைத் தேக்காவில் நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. “நல்ல விலை கொடுத்தா ஏன் போகப் போறாங்க?” என்றார் ஒருவர். “ஜனங்களுக்கு விசுவாசம் இல்லை” என்றார் இன்னொருவர். “கூட்டுறவுன்னாலே அரசாங்கம் நடத்துறது, அது அப்படித்தான்” என்றார் மூன்றாமவர். மூன்று தீர்ப்பும் நாம் அடிக்கடி கேட்பவை. மூன்றும் விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம். அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், கூட்டுறவு யாருடையது?

சிங்கப்பூரில் இருப்பவருக்குக் கூட்டுறவு புதிதல்ல. அரசாங்க ஊழியர்கள் தங்களுக்குள் சேமிக்கவும் கடன் கொடுத்துக்கொள்ளவும் 1925இல் தொடங்கிய சங்கம்தான் இங்கே முதல் கூட்டுறவு. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 1973இல் தோ பாயோவில் என்டியுசி வெல்கம் என்ற கடை திறந்தது. 1983இல் அது இன்னொரு கூட்டுறவுடன் இணைந்து இன்றைய ஃபேர்பிரைஸ் ஆனது. வாரம் இரண்டு முறை அரிசியும் முட்டையும் வாங்கப் போகும் அந்த இடம் ஒரு கூட்டுறவு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

கூட்டுறவு என்றால், அதைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து சொந்தமாக வைத்து நடத்தும் தொழில். அவ்வளவுதான். அரசாங்கத்துறை அல்ல, தர்ம காரியமும் அல்ல. கம்பெனியில் யாரிடம் பங்கு அதிகமோ அவர் குரல் பெரிது. கூட்டுறவில் பொதுவாக ஆளுக்கு ஒரு ஓட்டு. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து, 28 பவுண்டு முதல் போட்டு, வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி விற்கும் சின்னக் கடை ஒன்றைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபப் பகிர்வு என்று அவர்கள் வகுத்த ஒழுங்குதான் பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904இல் வந்தது.

ஆக, ஒரு பால் சொசைட்டியில் என் அக்கா ஒரே நேரத்தில் மூன்று வேடம் போடுகிறார். பால் கொடுப்பவர், பங்குதாரர், ஓட்டுப் போடுபவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் திருப்தி பற்றிய பேச்சு இங்கே சிக்கலாகிறது. ஒரு வாடிக்கையாளருக்குத் திருப்தி இல்லையென்றால் கடையை மாற்றுவார். சொந்தக்காரருக்குத் திருப்தி இல்லையென்றால் என்ன செய்வார்? கடையைச் சரிசெய்யப் பார்ப்பார். அக்கா எந்த வேடத்தில் நின்று பேசுகிறார் என்று தெரியாமல் அவருடைய “நல்லாத்தான் இருக்கு” என்ற பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நம் கடைக்கும் அந்தச் சொசைட்டிக்கும் உள்ள வித்தியாசம்

நான் இந்த வாரம் ஃபேர்பிரைஸுக்குப் போகாமல் ஈரச்சந்தைக்குப் போனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. என் வாழ்வாதாரம் அந்தக் கடை வழியாக ஓடவில்லை. விவசாயக் கூட்டுறவில் அப்படி இல்லை. அங்கே உறுப்பினரின் வருமானமே அதன் வழியாகத்தான் வருகிறது. அந்தச் சங்கத்தின் உயிரும் உறுப்பினர் கொண்டுவரும் பாலில்தான் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் பாலைக் குளிரவைக்கும் பெரிய தொட்டி இருக்கிறது. கொள்ளளவு 1,000 லிட்டர். மின்சாரம், சம்பளம், லாரி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் செலவு என்று வைப்போம். தொட்டி நிறைந்தாலும் பாதியாக இருந்தாலும் இந்தச் செலவு குறையாது. இதை நிலைச்செலவு என்பார்கள். 1,000 லிட்டர் வந்தால் லிட்டருக்கு 2 ரூபாய் செலவு. 500 லிட்டர்தான் வந்தால் லிட்டருக்கு 4 ரூபாய்.

இப்போது தனியார் வண்டிக்காரர் லிட்டருக்கு 2 ரூபாய் கூடத் தருகிறார் என்று பாதிப் பேர் அங்கே போகிறார்கள். சங்கத்தின் செலவு லிட்டருக்கு 2 ரூபாய் ஏறுகிறது. அதை ஈடுகட்ட, மிச்சம் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் விலையைச் சங்கம் குறைக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்ததும் இன்னும் சிலர் போகிறார்கள். கடைசியில் தொட்டியை அணைத்துவிட்டுச் சங்கத்தை மூடுகிறார்கள். மறுநாள் வண்டிக்காரருக்குப் போட்டி கிடையாது. அந்தக் கூடுதல் 2 ரூபாயை அவர் ஏன் தொடர்ந்து தர வேண்டும்? அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் வியாபாரி, அவர் கணக்கு அது.

உறுப்பினர் தன் சரக்கைச் சங்கத்துக்கு வெளியே விற்பதை நம் ஊர்களில் “வெளிய ஊத்துறது” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு கூட்டுறவின் ஆரோக்கியத்தைப் பார்க்க இதைவிட நல்ல நாடி கிடையாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கூட்டுறவு அதைப் பயன்படுத்துபவர்களின் சொத்து. அதன் செலவில் பெரும்பகுதி பால் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும். அதனால் ஒருவர் வெளியே ஊற்றும் பால், உள்ளே ஊற்றும் மற்றவரின் விலையைத் தொடுகிறது.

திருப்தி: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரம்

காப்பிக்கடையில் பரோட்டா சொல்கிறீர்கள். கருகி, ஆறிப்போய் வரும் என்று நினைத்த கடையில் சூடாக வந்தால் சந்தோஷம். ஊரே புகழ்ந்த கடையில் அதே பரோட்டா வந்தால் “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று தோன்றும். பரோட்டா மாறவில்லை, எதிர்பார்ப்புதான் மாறியது. திருப்தி என்பது எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டு நாம் போடும் மதிப்பெண். அது நேற்று நடந்ததைப் பற்றியது.

பால் ஊற்றுபவர் எதை எதிர்பார்க்கிறார்? விலை என்று எல்லாரும் சொல்வோம். விலை முக்கியம்தான். ஆனால் சொசைட்டி வாசலில் ஒரு காலை நின்று பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்காவுடன் வரிசையில் நின்றேன். தூக்குவாளியில் இருந்து பாலை அளவில் ஊற்றுகிறார்கள். அதிலிருந்து ஒரு கரண்டி சாம்பிள் எடுத்து மெஷினில் வைக்கிறார்கள். மெஷின் இரண்டு எண் காட்டும். ஒன்று கொழுப்பு, இன்னொன்று கொழுப்பு நீங்கலான திடப்பொருள். புரதம், பால்சர்க்கரை, தாது உப்பு எல்லாம் இந்த இரண்டாவதில் அடங்கும், எல்லாரும் எஸ்.என்.எஃப் என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் லிட்டருக்கு எவ்வளவு என்பது முடிவாகும்.

மெஷின் எழுத்தர் பக்கம் பார்த்து இருந்தது. அவர் எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். அந்த எழுத்தர் ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஏமாற்றியிருக்கவும் மாட்டார். ஆனால் வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் அந்த எண்ணை நம்ப வேண்டியிருந்தது, பார்க்க முடியவில்லை. இரண்டு ரூபாய் கூடத் தரும் வண்டிக்காரர் கொழுப்பே பார்ப்பதில்லை, ஒரே விலை. “அது தெளிவா இருக்கு” என்றார் அக்கா. இந்த வார்த்தையை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் போனது வெறும் இரண்டு ரூபாய்க்காக அல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

கிடைத்த தொகை ஒரு பக்கம். அந்தத் தொகை எப்படி முடிவானது என்பது இன்னொரு பக்கம். முடிவு எடுத்த முறை நேர்மையானது என்ற உணர்வை முறைநியாயம் என்று சொல்லலாம். குறைந்த விலையைக்கூட ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள், கண்ணுக்குத் தெரியாத கணக்கை ஏற்பதில்லை. நம் பிள்ளைகள் பரீட்சைத் தாளைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பிடிப்பு: வேறு இடம் அழைக்கும்போதும் இருப்பது

சிங்கப்பூர்த் தமிழில் இதற்குக் கடப்பாடு என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான். ஆனால் அதில் கடமை வாடை கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் நான் இங்கே பிடிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பிடிப்பு என்பது, வேறு நல்ல வழி கண்ணெதிரே இருந்தாலும் இதிலேயே தொடர்வேன் என்ற மனநிலை. அது நாளை பற்றியது.

பிடிப்பு ஒரே நூலால் ஆனதல்ல. ஜான் மேயர், நட்டலி ஆலன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் ஊழியர்களைப் பற்றி எழுதும்போது அதை மூன்றாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு கூட்டுறவு உறுப்பினர்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

முதலாவது, மனசால் வரும் பிடிப்பு. தைப்பூசத்தின்போது பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றும் நண்பர் எனக்கு உண்டு. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, சம்பளமும் இல்லை. லீவு போட்டு வருகிறார், ஏனென்றால் அது “நம்ம பந்தல்”. இரண்டாவது, போனால் நஷ்டம் என்பதால் வரும் பிடிப்பு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கைப்பேசி வாங்கினால், சேவை பிடிக்காவிட்டாலும் நடுவில் விலகத் தண்டம் கட்ட வேண்டும், ஆகவே இருக்கிறோம். மூன்றாவது, போவது தப்பு என்ற உணர்வால் வரும் பிடிப்பு. நமக்குக் கஷ்டத்தில் உதவிய மளிகைக்கடைக்காரர் கடையைத் தாண்டி வேறு கடைப் பையோடு நடக்கும்போது கால் கூசுமே, அது.

இந்த மூன்றில் இரண்டாவதை மட்டும் நம்பி நிற்கும் கூட்டுறவு மிகவும் பலவீனமானது. ஊருக்குள் வேறு வண்டி வராதவரை எல்லாரும் இங்கேதான் ஊற்றுவார்கள். நிர்வாகக் குழு அதைப் பார்த்து “நம் உறுப்பினர்கள் பற்றுள்ளவர்கள்” என்று நினைத்துக்கொள்ளும். முதல் வண்டி வந்த அன்றுதான் உண்மை தெரியும்.

பெரியம்மாவிடம் இருப்பது முதலாவதும் மூன்றாவதும். அவருடைய வீட்டுக்காரர் சொசைட்டி தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ப் பங்குத்தொகை வசூலித்தவர்களில் ஒருவர். அந்தக் கட்டடத்தின் செங்கல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அக்கா கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனபோது சொசைட்டி ஏற்கெனவே அங்கே இருந்தது. அவருக்கு அது பஸ் நிறுத்தம் மாதிரி, ஊரில் இருக்கும் ஒரு வசதி. இதில் அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவரிடம் யாரும் “இது உன்னுடையது” என்று காட்டியதே இல்லை.

சரி, இதுவரை: திருப்தி பின்னால் திரும்பிப் பார்த்துப் போடும் மதிப்பெண். பிடிப்பு முன்னால் பார்த்து எடுக்கும் முடிவு. திருப்தி பிடிப்பை வளர்க்க உதவும், ஆனால் அதுவே பிடிப்பு ஆகிவிடாது.

திட்டுபவர் ஏன் தேவைப்படுகிறார்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு எளிய கேள்வியை எடுத்து விரிவாகப் பேசினார். ஓர் அமைப்பின் தரம் இறங்கும்போது அதில் இருப்பவர் என்ன செய்யலாம்? ஒன்று, வெளியேறலாம். இல்லையென்றால், உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைப் பற்றுதான் தீர்மானிக்கிறது. பற்று உள்ளவர் உடனே கதவைத் தேடாமல் முதலில் வாயைத் திறப்பார்.

அவருக்கு இந்த யோசனை வந்தது நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து. ரயில் சேவை மோசமாக இருந்தது, பக்கத்தில் லாரிகள் ஓடின. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே நினைப்போம்? திருந்தவில்லை. தரத்தில் கறாராக இருந்து சண்டை போடக்கூடியவர்கள் முதல் ஆளாக லாரிக்குப் போய்விட்டார்கள். சண்டை போட ஆள் இல்லாத ரயில்வே அப்படியே கிடந்தது.

பால் சொசைட்டியில் இதைப் பொருத்திப் பாருங்கள். பெரியம்மாவின் புலம்பலை நிர்வாகம் தலைவலியாகப் பார்க்கிறது. என் அக்காவின் அமைதியை நல்ல பெயராக எடுத்துக்கொள்கிறது. நடந்தது நேர்மாறு. அக்கா பேசாமல் பாதி வெளியேறிவிட்டார். பெரியம்மா உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். சங்கத்தில் யாராவது எதையாவது திருத்த வேண்டுமென்றால், எங்கே திருத்துவது என்ற தகவல் அந்தத் திட்டில்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பெரியம்மா மேல் மரியாதை கூடியது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

அதற்காகத் திட்டிக்கொண்டே காலம் முழுக்க இருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. கேட்காத காதுக்கு எத்தனை வருடம் கத்துவது? குரலுக்குப் பதில் வராவிட்டால் பற்றும் தேயும். பெரியம்மாவின் மகன் மாடு வளர்க்க வந்தால் அவன் இருபது வருடம் காத்திருக்க மாட்டான்.

நம் அலமாரியில் இருக்கும் ஒரு பால் பெட்டியின் கதை

டெவன்டேல் என்ற பால் பெட்டியைச் சிங்கப்பூர்க் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரை வைத்திருந்தது மரே கோல்பர்ன் என்ற ஆஸ்திரேலிய விவசாயிகளின் கூட்டுறவு. 1950இல் தொடங்கி, அந்த நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவாக வளர்ந்தது. பல குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அதற்குப் பால் கொடுத்தார்கள்.

2015இல் அது வெளி முதலீட்டாளர்களிடமும் பணம் திரட்டியது. உறுப்பினர்களுக்கு நல்ல விலை தருவதாக அறிவித்திருந்தது. 2016 ஏப்ரல் கடைசியில், பருவம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அந்த விலை நிற்காது என்று திடீரென்று அறிவித்தார்கள். பாலின் திடப்பொருள் (அங்கே கொழுப்பும் புரதமும் சேர்ந்தது) ஒரு கிலோவுக்கு 5.60 ஆஸ்திரேலிய டாலர் என்று சொல்லியிருந்த விலை 4.75க்கும் 5.00க்கும் இடையே இறங்கியது. விலை குறைந்ததைவிடப் பெரிய அடி வேறு. அதுவரை கூடுதலாகக் கொடுத்ததைக் கடன் மாதிரி வைத்து, வரும் வருடங்களின் பால் பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. மாட்டுக்குத் தீவனம் வாங்கிச் செலவழித்து முடித்த பணம், திருப்பிக் கட்ட வேண்டிய பணமாக மாறிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். உலகச் சந்தையில் பால் விலை விழுவது விவசாயிக்குத் தெரியாததல்ல. “விலை விழுந்துவிட்டது, எல்லாரும் சேர்ந்து தாங்குவோம்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் பலர் தாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நிர்வாகம் கடைசி வரை நம்பிக்கையாகப் பேசிவிட்டு, ஒரே நாளில் சுமையை உறுப்பினர் தலையில் இறக்கியது. மூன்று தலைமுறைப் பிடிப்பு அங்கேதான் அறுந்தது. அடுத்த ஓராண்டில் வந்த பால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொட்டிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அதேதான், பெரிய அளவில். 2017 மே மாதம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். போன பால் திரும்பவில்லை. 2018இல் கனடாவின் சபுட்டோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பெட்டியில் பெயர் அப்படியே இருக்கிறது. பின்னால் இருந்த கூட்டுறவு இல்லை.

ஆனந்தில் நடந்தது

எதிர்ப்பக்கத்துக் கதை எல்லாருக்கும் தெரிந்த அமுல், ஆனந்த் என்ற ஊரின் பால் கூட்டுறவு. ஆனால் நாம் விளம்பரத்தைத்தான் பேசுகிறோம், தொடக்கத்தை விட்டுவிடுகிறோம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பாலை வாங்கி பம்பாய்க்கு அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் பால் பண்ணையிடம் இருந்தது. விலை அவர்கள் வைத்ததுதான். விவசாயிகள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். சொந்தமாகச் சங்கம் வையுங்கள், தேவைப்பட்டால் பாலை நிறுத்துங்கள் என்றார் அவர். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூடிப் பேசினார்கள். பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. சங்கத்தின் முதல் தலைவரான திரிபுவன்தாஸ் படேல் கிராமம் கிராமமாக நடந்தார். அந்த வருடம் டிசம்பர் 14 அன்று சங்கம் பதிவானது. தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளைக்கு 247 லிட்டர். இன்று குஜராத்தில் சுமார் 36 லட்சம் உறுப்பினர்கள்.

அந்தப் பதினைந்து நாளில் ஒவ்வொரு வீடும் நஷ்டப்பட்டது. சேர்ந்து பட்ட நஷ்டம் “இது நம்முடையது” என்ற உணர்வை விதைத்தது. ஆனால் விதை மட்டும் போதாது. அப்புறம் வந்த தினசரி வழக்கங்கள்தான் தண்ணீர் ஊற்றின. சாதி, வசதி பார்க்காமல் எல்லாரும் ஒரே வரிசை. பாலைச் சோதித்துத் தரத்துக்கேற்ற விலை. காசு தாமதமின்றிக் கையில். மாட்டுக்கு உடம்பு சரியில்லையென்றால் சங்கத்தின் கால்நடை மருத்துவர். வருட லாபத்தில், ஊற்றிய பாலின் அளவுக்கு ஏற்ப ஒரு தொகை. இதைத்தான் போனஸ் என்கிறோம். வங்கி வட்டி போட்ட பணத்துக்கு வருகிறது, இந்தப் போனஸ் ஊற்றிய பாலுக்கு வருகிறது. வெளியே ஊற்றிய பாலுக்கு அது இல்லை.

பல வருடச் சேமிப்பு யாருடையது?

இன்னொரு விரிசலையும் சொல்ல வேண்டும். நல்ல கூட்டுறவுகளைக்கூட அது உள்ளிருந்து பிளக்கும். ஐந்து வருடத்தில் மாட்டை விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போகும் உறுப்பினர், லாபத்தை இப்போதே பிரித்துக் கொடு என்பார். நேற்றுச் சேர்ந்த இளைஞர், புது மெஷின் வாங்கு, முப்பது வருடம் உழைக்கும் என்பார். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். பொருளியலில் இதைக் காலப்பார்வைச் சிக்கல் என்று சொல்லலாம்.

2025 அக்டோபரில் நியூசிலாந்தின் ஃபொன்டெரா கூட்டுறவின் விவசாயிகள், நாம் இங்கே வாங்கும் ஆங்கர் வெண்ணெய் உட்பட்ட வணிகத்தை பிரான்சின் லாக்டாலிஸ் நிறுவனத்துக்கு விற்கப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். கையில் பணம் வரும், பெயர் போகும். சரியா தப்பா என்று விவசாயிகளுக்குள்ளேயே வாதம் நடந்தது. ஆனால் ஓட்டுப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

நம் சிங்கப்பூரிலும் இதே கேள்வி எழுந்தது. 1970இல் கூட்டுறவாகத் தொடங்கிய இன்கம் காப்புறுதி 2022இல் கம்பெனியானது. 2024இல் ஜெர்மனியின் அலியான்ஸ் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க முன்வந்தபோது, கூட்டுறவாக இருந்த காலத்தில் சேர்ந்த உபரி யாருக்குச் சேர வேண்டும் என்ற விவாதம் பெரிதானது. அக்டோபரில் அரசாங்கம் அந்த ஏற்பாட்டை அனுமதிக்கவில்லை. விவசாயமோ காப்புறுதியோ, பல தலைமுறை சேர்ந்து வைத்ததை ஒரு தலைமுறை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி ஒன்றேதான்.

அப்படியானால் எதைக் கேட்பது?

பல சங்கங்கள் உறுப்பினரிடம் “திருப்தியா?” என்று ஒரு படிவம் கொடுத்து, ஆம் என்று வந்ததைக் கோப்பில் வைத்துவிடுகின்றன. என் அக்காவும் ஆம் என்றுதான் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் போதாது. உங்கள் வீட்டில் கறக்கும் பத்து லிட்டரில் எத்தனை லிட்டர் இங்கே வருகிறது? வெளியே ஒரு ரூபாய் கூடக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? கடைசியாக நீங்கள் சொன்ன குறைக்கு யாராவது பதில் சொன்னார்களா? போன வருடக் கணக்கில் லாபம் எவ்வளவு என்று தெரியுமா? இந்த நான்கு கேள்வி போதும்.

“விசுவாசமாக இருங்கள்” என்று கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தன் பால் எவ்வளவு கொழுப்பு என்று தன் கண்ணால் பார்க்க முடியாத ஒருவரிடம் விசுவாசம் கேட்பது நியாயமாகவும் படவில்லை.

போன மாதம் அக்காவுடன் பேசியபோது அவரே ஆரம்பித்தார்.

“பேரவைக் கூட்டம் நடந்துச்சுடா. பெரியம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. அந்த மெஷின எங்க பக்கம் திருப்பி வைங்க, நாங்களும் படிச்சிருக்கோம்னாங்க. செகரட்டரிக்கு முகம் சுருங்கிப்போச்சு.”

“அப்புறம்?”

“மறுநாள் திருப்பி வச்சுட்டாங்க. எம் பாலு ஃபேட்டு நாலு புள்ளி ரெண்டுடா. இத்தன நாளா தெரியாது.”

“சாயங்காலப் பால்?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். பின்னால் கன்று கத்தும் சத்தம் கேட்டது.

“ரெண்டு லிட்டர் வண்டிக்கு, மூணு லிட்டர் சொசைட்டிக்கு. கொஞ்ச நாள் பாக்குறேன்.”